பாட்டுக் கட்டப் பழகுவது

செங்கல்பட்டு வட்டாரத் தமிழாசிரியர்களும் மாணவர்களும் கூடியிருக்கும் இந்த அவையில், கவிதை எதற்கு என்பது இன்று எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு. மேடையில் இதற்குச் சொல்லும் விடைகள் எல்லோருக்கும் மனப்பாடம்: கவிதை உள்ளத்தைப் பண்படுத்தும், மொழியை வாழவைக்கும், சமுதாயத்தைத் தட்டி எழுப்பும். அவற்றில் எதையும் நான் மறுக்கப்போவதில்லை. ஆனால் அவை எல்லாமே கவிதையைக் கேட்பவருக்கு என்ன கிடைக்கிறது என்று மட்டும் பேசுகின்றன. கட்டுபவருக்கு என்ன கிடைக்கிறது என்பதுதான் எனக்கு முக்கியமான கேள்வியாகப் படுகிறது. நம் பள்ளிகளையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு குறளைக் கொடுத்து, அலகிட்டு வாய்பாடு எழுதச் சொல்கிறோம். பிள்ளைகள் நேர், நிரை என்று வெட்டுகிறார்கள், தேமா, புளிமா என்று பெயரிடுகிறார்கள், கடைசிச் சீர் நாளா, மலரா, காசா, பிறப்பா என்று பார்க்கிறார்கள், மதிப்பெண் வாங்குகிறார்கள். அத்தோடு சரி. "இனி நீ ஒன்று கட்டிக்கொண்டு வா" என்று யாரும் சொல்வதில்லை. குழம்பில் என்னென்ன சாமான் விழுந்திருக்கிறது என்று எண்ணச் சொல்லிவிட்டு, அடுப்புப் பக்கமே விடாத சமையல் வகுப்பு இது. பாட்டைப் படிக்கிறவர்கள் கொஞ்சமாவது கட்டிப் பழகினால்தான் பாட்டு அவர்களுக்கு எதையாவது செய்யும் என்பது என் கட்சி. கட்டும்போது மொழி நம்மைப் பார்த்து "இது ஆகாது" என்று சொல்கிறது. அந்த மறுப்பைக் கேட்டுப் பழகுவதற்கு வேறு நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

முதலில் இந்த மண்ணிலிருந்தே ஒரு சான்று. கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரத்தைத் தாண்டித் தெற்கே போனால், செய்யூர் வட்டத்தில் இடைக்கழிநாடு இருக்கிறது. பேரூராட்சியின் பெயர்ப்பலகையிலேயே அந்தப் பழைய பெயர் நிற்கிறது. பத்துப்பாட்டில் ஒன்றான சிறுபாணாற்றுப்படையைப் பாடிய நத்தத்தனார், இடைக்கழிநாட்டு நல்லூர்க்காரர். 269 அடிகள் கொண்ட அந்தப் பாட்டு ஓய்மாநாட்டு நல்லியக்கோடனைப் புகழ்வதற்காகப் பிறந்தது. ஆனால் நினைவில் தங்குவது அரசன் அல்ல, பாணன் வீட்டு அடுக்களை. சுவர் இடிந்து, கூரை சரிந்து, காளான் முளைத்த அடுக்களையில் ஒரு நாய் குட்டி போட்டிருக்கிறது. குட்டிகளுக்கு இன்னும் கண் திறக்கவில்லை. பால் வற்றிப்போன தாய், அவை மடியைத் தேடி வரும்போது வலி பொறுக்காமல் குரைக்கிறது. வீட்டுக்காரி குப்பை மேட்டில் வேளைக்கீரையைக் கிள்ளிவந்து, உப்புப் போடாமல் அவிக்கிறாள். பிறகு தெருக்கதவைச் சாத்திவிட்டுத்தான் சுற்றத்தோடு உட்கார்ந்து உண்கிறாள், அக்கம்பக்கத்தார் பார்த்துவிடக்கூடாது என்று. பசியைப் பற்றி எத்தனையோ அறிக்கைகள் உண்டு. எத்தனை பேருக்கு எத்தனை வேளை உணவு இல்லை என்று அவை சொல்லும், சொல்லவும் வேண்டும். சாத்திய கதவு அவற்றில் வராது. வறுமையில் பசி பாதி, வெட்கம் பாதி என்பதை அந்தக் கதவு ஒன்றுதான் சொல்கிறது. இன்னொன்றையும் கவனியுங்கள். இதே பாட்டில், முன்பகுதியில், கொற்கையைச் சொல்லும் இடத்தில் உமணர்களின் உப்பு வண்டிகள் வரிசையாகப் போகின்றன. வண்டிகளோடு வந்த குரங்கு ஒன்று உமணர் பிள்ளைகளோடு கிலுகிலுப்பை ஆடுகிறது. நாடெங்கும் உப்பு போகிறது, பாணன் வீட்டுக் கீரையில் உப்பில்லை. கழியும் கடலும் சூழ்ந்த ஊரிலிருந்து வந்த ஒருவருக்கு "வறுமை" என்ற பொதுச்சொல் போதவில்லை. "உப்பில்லை" என்ற தனிச்சொல் தேவைப்பட்டது. கவிதையால் என்ன பயன் என்று கேட்பவருக்கு நான் காட்டக்கூடிய சான்று இந்த உப்பில்லாக் கீரைதான்.

அந்தத் தனிச்சொல்லுக்குப் போய்ச் சேரும் வழியை நம் முன்னோர் வரமாக விட்டுவிடவில்லை, பயிற்சியாக வைத்திருந்தார்கள். இந்த வட்டாரம் அதற்கும் சாட்சி. முதலாழ்வார் மூவரில் பூதத்தாழ்வார் கடல்மல்லையில் பிறந்தவர் என்பது வைணவ மரபு. அவருடைய இரண்டாம் திருவந்தாதி 100 வெண்பா. ஒரு பாட்டின் முடிவே அடுத்த பாட்டின் தொடக்கம். செங்கல்பட்டுக்குப் பக்கத்துப் பொன்விளைந்த களத்தூரை நளவெண்பா பாடிய புகழேந்தியின் ஊர் என்று வழிவழியாகச் சொல்வார்கள். தொண்டைமண்டல சதகம் பாடிய படிக்காசுப் புலவரையும், அந்தகக்கவி வீரராகவ முதலியாரையும் அதே களத்தூரோடு சேர்த்துப் பேசுவார்கள். பார்வையில்லாதவர் அந்தகக்கவி. திருக்கழுக்குன்றத்துக்குப் புராணமும் செய்யூருக்குக் கலம்பகமும் பாடினார். ஏட்டைக் கண்ணால் பார்க்காத ஒருவர், கலம்பகத்தில் இத்தனை பாவும் பாவினமும் பிசகாமல் கட்டினார் என்றால் யாப்பு எங்கே குடியிருக்கிறது என்பது விளங்கும். காதில்தான். தாளில் கோடு போட்டு வெட்டும் நம் வகுப்பறை, காதில் இருந்ததைக் கண்ணுக்கு மாற்றிவிட்டது. அமிதசாகரரின் யாப்பருங்கலக்காரிகையை எடுத்துப் பாருங்கள். விதி சொல்லும் நூல். ஆனால் ஒவ்வொரு விதியும் கட்டளைக் கலித்துறையில், தானே விதிக்கு உட்பட்டு நிற்கிறது. எடுத்துக்காட்டுப் பாடல்கள் மறந்துவிடாமல் இருக்க அவற்றின் முதற்சொற்களைக் கோத்து முதல்நினைப்புக் காரிகைகளும் செய்து வைத்திருக்கிறார். வாயால் சொல்லிச் சொல்லிக் காதுக்கு ஏற்றும் பாடம் அது. நூல் முழுவதும் ஒரு பெண்ணை விளித்துச் சொல்வதாக அமைந்தது. அப்படி விளித்த நூலை எத்தனை பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள் என்பது வேறு கேள்வி, அதற்கு வருகிறேன்.

மறுப்பு என்றேனே, அது எப்படி நடக்கிறது என்று ஒரு தடவை பொறுமையாகப் பார்த்துவிடலாம். மாமல்லபுரத்தில் சிற்பக் கூடங்களை ஒட்டி நடந்தால் உளிச் சத்தம் கேட்கும். கொஞ்சம் கிழக்கே போனால் அலைச் சத்தமும் வந்து சேரும். இதைக் குறள் வெண்பாவாக்க வேண்டும். புதிதாகக் கட்டுபவர் முதலில் "மாமல்லபுரம்" என்று தொடங்குவார். மா, மல், லபு, ரம்: நேர் நேர் நிரை நேர். தேமாநறும்பூ. நாலசைச் சீர் வெண்பாவில் வராது. "மாமல் லபுரம்" என்று பிளந்தால் கணக்குச் சரியாகிவிடும். ஆனால் ஊர்ப்பெயரை நடுவில் உடைத்ததைக் காது ஒப்பாது. வேறு பெயர் உண்டா என்று தேடும்போதுதான் ஆழ்வார் பாசுரங்களில் இருக்கும் "மல்லை" கைக்கு வருகிறது. சரி, ஓசைகள்? "உளியோசை கடலோசை" என்று அடுக்கினால் இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் உளியோசை புளிமாங்காய். காய்முன் நேர் வரவேண்டும், "கட" நிரை. தளை தட்டுகிறது. இங்கே இரண்டு வழி. கணக்குக்காக ஏதோ ஓர் அசைச்சொல்லைச் செருகித் தப்பிப்பது ஒன்று. புலவர்கள் பலர் செய்ததுதான். நான் உண்மையில் எதைக் கேட்டேன் என்று திரும்பிப் போய்க் கேட்பது மற்றொன்று. திரும்பிப் போனால், அது வெறும் உளி இல்லை. தச்சனுக்கும் உளி உண்டு; மரத்தில் விழும் சத்தம் வேறு. இது கல்லுளி. கூவிளம். விளமுன் நேர் வேண்டும், "ஓசை" வந்து உட்காருகிறது. அது தேமா; மாமுன் நிரை வேண்டும், இப்போது "கடலோசை"க்கு இடம் கிடைத்துவிட்டது. இனி இந்த இரண்டு ஓசையும் என்ன செய்கின்றன? "கலக்கும்" என்றுதான் எவருக்கும் முதலில் தோன்றும். அதுவும் நிரையில் தொடங்குவதால் கடலோசைக்குப் பின் நிற்காது. ஆகாது என்றதும் யோசித்துப் பார்த்தால், அந்த இரண்டும் கலக்கவும் இல்லை. உளி இடைவெளி விட்டுக் கிண்கிண்ணென்று விழுகிறது. அலை நீண்டு இழுக்கிறது. தனித்தனியாகக் கேட்டுக்கொண்டே பக்கத்தில் பக்கத்தில் வருகின்றன. ஆகவே,

கல்லுளி ஓசை கடலோசை யோடிணையும்
மல்லைக் கரையின் மணல்.

இதைப் பெரிய கவிதை என்று நான் சொல்ல வரவில்லை. நூறு பேர் கட்டினால் தொண்ணூறு பேர் இந்த அளவுக்குக் கட்டுவார்கள். மோனையும் எதுகையும் அமைந்திருக்கின்றன, கடைசிச் சீர் மலர் வாய்பாட்டில் முடிகிறது, அவ்வளவுதான். (கடலோசையோடு என்பதையும் நான் பிளந்திருக்கிறேனே என்று தமிழாசிரியர்கள் முகத்தில் ஒரு கேள்வி தெரிகிறது. உருபு தொடங்கும் இடத்தில் பிளப்பதைக் காது பொறுத்துக்கொள்ளும். பெயரின் வயிற்றில் பிளப்பதைப் பொறுக்காது.) நான் காட்ட விரும்பியது பாட்டை அல்ல. உளி கல்லுளியானதும், கலத்தல் இணைதலானதும் யாப்பு தடுத்த இடங்களில் நடந்தன. யாப்பு எந்தச் சொல்லையும் எடுத்துக் கொடுக்கவில்லை. தடுக்க மட்டும் செய்தது. தடுக்கப்பட்டவர் பொருளிடம் திரும்பிப் போனார். உரைநடையில் "உளி ஓசையும் கடல் ஓசையும் கலந்து ஒலித்தன" என்று எழுதிவிட்டு நாம் எல்லோரும் அடுத்த வாக்கியத்துக்குப் போயிருப்போம். யாரும் கேட்டிருக்கமாட்டார்கள், நாமே கேட்டிருக்கமாட்டோம்.

இதற்கு முதல் ஆட்சேபம், கவிதை பிறவிக்கொடை, சொல்லிக்கொடுத்து வராது என்பது. இதை வேறு ஊரில் சொன்னால் பதில் தேட வேண்டியிருக்கும். 1957-இல் சிற்பப் பயிற்சிக்காக அரசு தொடங்கிய நிலையம், இன்று கல்லூரியாக மாமல்லபுரத்திலேயே நடக்கிறது. கன்னியாகுமரியில் 133 அடித் திருவள்ளுவர் சிலையை வடிவமைத்த கணபதி ஸ்தபதி அங்கே முதல்வராக இருந்தவர். அங்கே சேரும் மாணவனிடம் "உனக்குக் கொடை இருக்கிறதா" என்று கேட்டுவிட்டு உளியைக் கொடுப்பதில்லை. தாளமானம் கற்றுக்கொடுக்கிறார்கள், முகத்தின் நீளத்தை அலகாக வைத்து உடம்பு முழுவதையும் பகுக்கிறார்கள், கோடு போட வைக்கிறார்கள், கல்லின் ஓசையைத் தட்டிக் கேட்க வைக்கிறார்கள். எல்லோரும் ஸ்தபதி ஆவதில்லை. ஆனால் நாலு வருஷம் கல்லைத் தட்டியவன் அர்ச்சுனன் தபசின் முன்னால் போய் நின்றால், சுற்றுலா வந்தவர் பார்க்காத எதையோ பார்க்கிறான். அந்தப் பெரும் பாறையிலிருந்து சற்றுத் தெற்கே, அதே காட்சியைச் செதுக்கத் தொடங்கிப் பாதியில் விட்ட இன்னொரு பாறை இருக்கிறது. பெரும்பாலோர் அதைப் பார்க்காமலே பேருந்து ஏறிவிடுகிறார்கள். செதுக்கக் கற்பவனுக்கு முடிந்த பாறையைவிட அதுதான் நல்ல ஆசிரியர். எங்கே தொடங்கினார்கள், எதை ஒதுக்கி வைத்தார்கள் என்பதெல்லாம் அதில் வெளியே தெரிகிறது. மாணவன் எழுதும் சுமாரான வெண்பாவை நான் அந்தப் பாறையோடுதான் சேர்ப்பேன்.

இரண்டாவது ஆட்சேபம் கனமானது. அதை நான் லேசில் தள்ளமாட்டேன். யாப்பு படித்தவர் சொத்து. திண்ணையிலும் மடத்திலும் சிலருக்கு மட்டும் சொல்லிக்கொடுக்கப்பட்டது. பெரும்பாலான சாதிகளும் பெண்களும் வாசலுக்கு வெளியே நின்றார்கள். இது உண்மை. ஆனால் வாசலுக்கு வெளியே நின்றவர்கள் பாட்டுக் கட்டாமல் இருந்தார்கள் என்றால் அது பொய். கரைவலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டில் இழுவையின் வேகத்துக்கு ஏற்ப ஒருவர் அடி எடுத்துக்கொடுக்க, மற்றவர்கள் ஏலேலோ சேர்ப்பார்கள். வலை கனத்தால் அடி நீளும். அன்றைக்குக் கடலில் நடந்தது அன்றைக்கே பாட்டில் ஏறும். ஒப்பாரியைப் பாருங்கள். சட்டம் பழையது; இறந்தவர் பெயரும் தொழிலும், அவர் நட்ட மரமும், கடைசியாகச் சண்டை போட்ட நாளும் புதிது. எழுத்து வாசனை இல்லாத ஒரு பெண், எழவு வீட்டு வாசலில் உட்கார்ந்து, யோசிக்க நேரம் இல்லாமல், எதுகை தப்பாமல் கட்டுகிறாள். இடம் தவறிய சொல் அவள் வாயில் நிற்பதில்லை. நின்றால் பக்கத்தில் இருப்பவளே மாற்றிச் சொல்வாள். மாசி மகத்துக்கு மாமல்லபுரம் கடற்கரையில் கூடும் இருளர்கள் கன்னியம்மனைப் பாடுவதற்கும் யாரும் காரிகை சொல்லிக்கொடுக்கவில்லை. ஆகவே யாப்பைக் கைவிடுவது இந்த அநீதிக்குப் பரிகாரம் ஆகாது; மறுக்கப்பட்டதை எல்லோருக்கும் கொடுப்பதும், அவர்களிடம் ஏற்கெனவே இருப்பதை யாப்பு என்றே ஒத்துக்கொள்வதும்தான் பரிகாரம். ஒப்பாரிக்கு அலகிட்டுப் பார்க்கும் ஒரு பாடம் நம் புத்தகத்தில் இருந்தால் என்ன?

புதுக்கவிதைக்காரர்கள் இதுவரை பொறுமையாக இருந்தார்கள். ந. பிச்சமூர்த்தி 1934-இல் மணிக்கொடியில் "காதல்" எழுதி, சி. சு. செல்லப்பா 1959-இல் எழுத்து இதழைத் தொடங்கிய பிறகும் தளை, தொடை என்று பேசுவதா என்று அவர்கள் கேட்கலாம். வெண்பாதான் கவிதை என்று நான் சொன்னால் என்னை மேடையை விட்டு இறக்கிவிடுங்கள். தொல்காப்பியர் செய்யுளியலில் செய்யுளின் உறுப்புகளாக 34 எண்ணுகிறார். மாத்திரையும் அசையும் சீரும் அவற்றில் சில. கேட்போர் ஓர் உறுப்பு, களன் ஓர் உறுப்பு, சொல்லாமல் விட்டது எச்சம் என்ற பெயரில் ஓர் உறுப்பு. புதிதாக வருவதற்கு "விருந்து" என்று பெயர் வைத்து அதற்கும் இலை போட்டிருக்கிறார். நல்ல புதுக்கவிதைக்கும் மறுப்பு உண்டு. வரி எங்கே முறிய வேண்டும், எந்தச் சொல் இல்லாமலே நிற்கும் என்பதில் அது இருக்கிறது. ஆனால் அந்த மறுப்பு மெல்லிய குரலில் பேசும். பழகாத காதுக்குக் கேட்காது. வெண்பா உரக்கச் சொல்லும்: மாமுன் நிரை, விளமுன் நேர், காய்முன் நேர், இல்லையேல் வெளியே போ. கற்கத் தொடங்குபவருக்கு உரத்த குரல் நல்லது என்பதற்கு மேல் எனக்கு வாதம் இல்லை. வாழ்த்து அட்டைக்கும் சுவரொட்டிக்கும் வரியை ஒடித்துப்போட்டு வந்த கவிதைகளைப் பார்த்து நாம் சலித்துக்கொள்கிறோமே, அதை எழுதியவர்களை எந்தச் சொல்லும் எந்த இடத்திலும் தடுத்ததில்லை.

காரிகை கற்றுக் கவி பாடுவதைவிடப் பேரிகை தட்டிப் பிழைப்பது மேல் என்ற பொருளில் ஒரு கேலி நம்மிடம் உண்டு. பாணன் வீட்டு அடுக்களையைப் பார்த்துவிட்டு வந்த நமக்கு அந்தக் கேலியின் நியாயம் புரியும். ஆனால் அது கவிதையைப் பிழைப்பாக வைத்தவரைப் பற்றியது. ஜப்பானில் நாளிதழ்கள் வாசகர் அனுப்பும் ஹைக்கூவுக்கென்று பகுதி ஒதுக்கி நடத்துகின்றன. ஆண்டுதோறும் சனவரியில் அரண்மனையில், முன்பே கொடுத்த ஒரு சொல்லை வைத்து, பொதுமக்கள் ஆயிரக்கணக்கில் எழுதி அனுப்பிய தங்காக்களிலிருந்து தேர்ந்தெடுத்துப் பாடுகிறார்கள். அனுப்புகிறவர்களில் யாரும் அதைக்கொண்டு அரிசி வாங்குவதில்லை. நமக்கும் இது புதிதல்ல. ஈற்றடி கொடுத்து வெண்பா முடிக்கச் சொல்லும் போட்டிகளை நம் பத்திரிகைகளே நடத்தியிருக்கின்றன. கடைசி அடி கையில் இருப்பதால் புதியவருக்குப் பயம் பாதி குறையும். அலகிடச் சொல்லும் அதே கேள்வியின் கீழே "இந்த ஈற்றடிக்கு முதலடி கட்டுக" என்று ஒரு வரி சேர்ப்பதற்கு அரசாணைகூடத் தேவைப்படாது. ஓர் ஆசிரியர் நினைத்தால் நாளைக் காலை செய்யலாம். மோசமான வெண்பாக்கள் பெருகுமே என்றால், பெருகட்டும். அச்சில் ஏற்ற வேண்டாம், அவ்வளவுதானே.

இன்று கணினி ஒரு நொடியில் வெண்பா எழுதித் தருகிறது, நாம் ஏன் விரல் விட்டு எண்ண வேண்டும் என்று மாணவர்கள் கேட்பார்கள். தளை சரிபார்க்க அவலோகிதம் போன்ற மென்பொருள் வந்தது எனக்கு மகிழ்ச்சி. தட்டிய தளையைக் காட்டிக்கொடுக்கும் அண்ணன் ஒருவர் எந்நேரமும் பக்கத்தில் இருப்பது போல அது. ஆனால் கட்டித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டவரை எந்தச் சொல்லும் திருப்பி அனுப்பியிருக்காது. அவர் கையில் பாட்டு இருக்கும், கலக்கிறதா இணைகிறதா என்று அவர் நின்று கேட்டிருக்கமாட்டார். எனக்குமே இப்போது ஒரு சங்கடம் இருக்கிறது. நான் முன்பு கட்டிக் காட்டிய குறள் வெண்பா பாதி பொய். இன்றைக்கு மாமல்லபுரத்துக் கூடங்களில் உளியைவிடக் கல் அறுக்கும் யந்திரத்தின் சத்தம்தான் அதிகம். முகத்தில் துணி கட்டிக்கொண்டு, வெள்ளைப் புழுதிக்கு நடுவில் வேலை செய்கிறார்கள். உண்மையைச் சொல்வதென்றால் "கல்லறுக்கும் யந்திரம்" என்று தொடங்க வேண்டும். கூவிளங்காய், கூவிளம், தளை சரியாகவே விழுகிறது. ஆனால் விளமுன் நேர் வேண்டும். "கடலோசை" நிரை, இனி அந்த இடத்தில் அது நிற்காது. யந்திரம் ஓடும்போது போய் நின்று பாருங்கள், கடல் கேட்பதும் இல்லை. ஆக, மூன்றாம் சீர் காலியாக இருக்கிறது. நேரசையில் தொடங்க வேண்டும். அந்தப் புழுதியில் உண்மையாகவே கேட்கிற எதுவாகவாவது இருக்க வேண்டும். கிடைத்தால் அடுத்த ஆண்டு இதே சொற்பொழிவுக்கு வருபவரிடம் கொடுத்துவிடுங்கள்.